துருப்பிடித்த காருக்கு ஒரு ரகசிய கோடு... ஜவ்வாது மலை வரை வந்துவிட்ட 'இலவசப் பரிசு' வலை!

போளூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கும் ஊர்கள், சாமை விளையும் சரிவுகள், பலாவும் புளியும் நிற்கும் ஓரங்கள். விளக்கு வெளிச்சம் குறைந்த மலை என்பதால்தான், இதன் இன்னொரு பக்கமான காவலூரில் வானியல் ஆய்வகம் வந்தது. 1986-ல் அங்கே நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்றைக்கும் இரவு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வானத்து நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இந்த மலையில், செல்போன் சிக்னல் மட்டும் பல இடங்களில் விட்டுவிட்டுத்தான் வரும். ஆனாலும் போன் வந்துவிட்டது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், எஸ்டேட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போன அப்பா பேசுவதற்கான போன், அம்மாவின் வங்கிக் கணக்கு இணைக்கப்பட்ட போன் என்று எல்லாம் பெரும்பாலும் ஒரே போன்தான். பள்ளி விட்டு வந்ததும் அது பிள்ளையின் கைக்குப் போகிறது. பிள்ளை திறப்பது பாடப் புத்தகத்தை அல்ல, கேமை!

அந்த கேமில் ஒரு துருப்பிடித்த கார் நிற்கிறது. அதை ஓட வைக்கப் பணம் வேண்டும். பணம் கிடைக்க ஒரு 'கோடு' இருக்கிறதாம். 'இந்தக் கோடு போடு, பத்து லட்சம் காயின் ஃப்ரீ' என்கிறது ஒரு வீடியோ. இந்த இடத்தில்தான் விளையாட்டும் விபரீதமும் ஒரே வாசலில் நிற்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பிள்ளைக்கும் நஷ்டமில்லை, அம்மாவின் கணக்குக்கும் நஷ்டமில்லை.

காயலான் கடையிலிருந்து கண்காட்சிக்கு

கார் ரெஸ்டோரேஷன் கேம்களின் கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குடோனிலோ காயலான் கடையிலோ கிடக்கும் பழைய காரைக் குறைந்த விலைக்கு வாங்க வேண்டும். பட்டறைக்கு இழுத்து வந்து துரு சுரண்ட வேண்டும். இன்ஜினைக் கழற்றி, பிஸ்டன், பிளக், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் என ஒவ்வொன்றாகப் பார்த்து, போனதை மாற்ற வேண்டும். டிங்கரிங், பட்டி, பெயின்ட் முடித்து, லாபத்துக்கு விற்க வேண்டும். அந்த லாபத்தில் அடுத்த கார்.

கம்ப்யூட்டரில் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது போலந்து நாட்டின் ரெட் டாட் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'கார் மெக்கானிக் சிமுலேட்டர்' வரிசை. போனில் விளையாடும் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் இலவச கேம்கள்தான். 2006-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 'ரோப்ளாக்ஸ்' தளத்தில், தனி ஆட்களும் சின்னக் குழுக்களும் உருவாக்கிய கார் கேம்கள் ஏராளமாக இருக்கின்றன. வெட்டுக் குத்து இல்லாத விளையாட்டு, பொறுமையும் கணக்கும் கேட்கிற விளையாட்டு என்பதால், பெற்றோர் பலருக்கும் இதில் பெரிய ஆட்சேபம் இருப்பதில்லை. அது நியாயமும்கூட.

இலவசம் என்று சொன்னாலும், கேமுக்குள் ஒரு செலாவணி ஓடுகிறது. காயின், கேஷ், டைமண்ட் என்று கேமுக்கு ஒரு பெயர். இதைப் பெற இரண்டு வழி. ஒன்று, மணிக்கணக்கில் உட்கார்ந்து சம்பாதிப்பது. இன்னொன்று, நிஜப் பணம் கொடுத்து வாங்குவது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. அதுதான் ரிடீம் கோடு.

கோடு என்றால் என்ன?

எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. அவ்வளவுதான். மந்திரம் எதுவும் அதற்குள் இல்லை. கேமை நடத்துகிறவர்களின் சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும். இன்ன குறியீடு, இன்ன பரிசு, இன்ன தேதி வரை செல்லும், இத்தனை பேருக்கு மட்டும், ஒரு கணக்குக்கு ஒரு முறை என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். பிள்ளை குறியீட்டைத் தட்டியதும் சர்வர் பட்டியலைப் பார்க்கிறது. இருந்தால் பரிசு. இல்லையென்றால் 'செல்லாது' என்று ஒரு வரி. ரேஷன் கடையில் கார்டைத் தேய்த்ததும் மிஷின் பார்த்துச் சொல்வதைப் போலத்தான். கடைக்காரர் கையில் எதுவும் இல்லை, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

இதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி ஏமாற்று நடக்கிறது.

முதலாவது, காசு கொடுத்து வாங்கும் கிஃப்ட் கார்டு கோடு. கூகுள் பிளே கார்டும் ரோப்ளாக்ஸ் கார்டும் இந்த வகை. இது பணத்துக்குச் சமம். இதை யாரும் சும்மா தெருவில் இறைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்காக வெளியிடும் கோடு. இந்தியாவில் அதிகம் தேடப்பட்டது 'ஃப்ரீ ஃபயர்' கோடுதான். பெரும்பாலும் 12 எழுத்துகள் கொண்ட இந்தக் குறியீட்டை கரீனா நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டுமே போட முடியும். 'கெஸ்ட்' கணக்கில் விளையாடுகிறவர்களுக்கு அது செல்லாது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்த 54 செயலிகளில் ஃப்ரீ ஃபயரும் ஒன்று. ஆனால், 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தொடர்ந்து கிடைத்ததால் கோடு வேட்டையும் தொடர்ந்தது. பிஜிஎம்ஐ கேமை நடத்தும் கிராஃப்டான் நிறுவனமும் 2025-ல் இப்படிக் கோடுகளை வெளியிட்டது. ஒவ்வொரு கோடும் முதலில் வரும் 10 பேருக்கு மட்டும்! நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் காத்திருக்க, பத்தே பேருக்குப் பந்தி.

மூன்றாவது, ரோப்ளாக்ஸ் போன்ற தளங்களில் அந்தந்த கேமை உருவாக்கியவர் தரும் கோடு. புது கார் சேர்த்தால் ஒன்று, கேமுக்கு இத்தனை 'லைக்' விழுந்தால் ஒன்று, சர்வர் படுத்து எழுந்ததற்கு மன்னிப்பாக ஒன்று என விடுவார்கள். கேமுக்குள்ளேயே 'கோட்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே தட்டினால் போதும். கிடைப்பது கொஞ்சம் கேம் காசு, ஒரு பெயின்ட், சில நிமிடங்களுக்கு இரட்டிப்பு வருமானம் என்கிற அளவில்தான் இருக்கும்.

'போட்டேன்... வேலை செய்யலையே!'

உண்மையான கோடுகூடப் பல நேரம் வேலை செய்யாது. அதற்குக் காரணங்கள் எளியவை. காலக்கெடு முடிந்திருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை தீர்ந்திருக்கும். ஏற்கெனவே அதே கணக்கில் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். பூஜ்யத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும் குழப்பம் வந்திருக்கும். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வேறு நாட்டுக்கான கோடாக இருக்கும். அல்லது கேமைப் புதுப்பிக்காமல் பழைய பதிப்பிலேயே விளையாடிக்கொண்டிருப்பார்கள். சிக்னல் திக்கித் திணறும் மலை ஊரில், அப்டேட் இறங்கி முடிவதற்குள் கோடு காலாவதி ஆகிவிடும் கொடுமையும் சேர்த்தி.

இதைப் பிள்ளைகளிடம் விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், 'இந்தக் கோடு செல்லாது' என்ற வரியைப் பார்த்த ஏமாற்றத்தில்தான் அடுத்த தேடல் ஆரம்பிக்கிறது. அந்தத் தேடல்தான் அவர்களைத் தவறான கதவுக்குக் கொண்டுபோகிறது.

சும்மாவா தருகிறார்கள்?

காசு கொடுத்து விற்கும் பொருளை ஏன் இலவசமாகத் தர வேண்டும்? இது புது வியாபார உத்தி ஒன்றும் அல்ல. எண்பதுகளின் கடைசியில் 'பிக் ஃபன்' பபுள்கம் வாங்கிய தலைமுறைக்கு நினைவிருக்கும். உள்ளே ரன்னும் விக்கெட்டும் அச்சடித்த கிரிக்கெட் கார்டு இருக்கும். சேர்த்துக் கொடுத்தால் ஃப்ளிப் புக். அதற்காகவே தாடை வலிக்க மென்றவர்கள் இன்று தாத்தா ஆகும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

குளிர்பான மூடிக்குள் எண் தேடிய காலமும் உண்டு. அந்த எண் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸில் நடந்தது ஒரு பாடம். 1992-ல் பெப்சி நிறுவனம் அங்கே மூடிகளில் மூன்று இலக்க எண்களை அச்சடித்து ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. மே 25 அன்று தொலைக்காட்சியில் அறிவித்த எண் 349. பரிசு 10 லட்சம் பெசோ வரை. ஆனால், கணினிக் குளறுபடியால் அந்த எண் கொண்ட மூடிகள் சுமார் 8 லட்சம் வெளியே போயிருந்தன! 'மூடியிலிருக்கும் பாதுகாப்புக் குறியீடு பொருந்தவில்லை' என்றது நிறுவனம். சமாதானமாகத் தலைக்கு 500 பெசோ தர முன்வந்தது. ஏழை வீடுகளின் கனவு ஒரே இரவில் கலைந்தது. லாரிகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின. வழக்கு 2006-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனத்தின் மீது தவறில்லை என்று முடிந்தது.

இலவசப் பரிசு என்பது எப்போதும் கொடுப்பவரின் கணக்குக்குள்தான் இருக்கும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் செய்தி. கேம் கோடும் அப்படித்தான். இன்று கோடு வாங்க வந்த பிள்ளை நாளையும் வருவான், நண்பனையும் கூட்டி வருவான். கையில் வந்த இலவசக் காசை வைத்து பாதி கார் முடிந்திருக்கும், மீதிப் பாதிக்குக் கை கடைக்குப் போகும். மளிகைக் கடையில் சாம்பிளுக்குக் கொடுக்கும் ஒரு துண்டு முறுக்கு மாதிரிதான்.

வலை விரிக்கும் கைகள்

உண்மையான கோடு குறைவு, தேடும் கைகள் அதிகம். இந்த இடைவெளியில் நுழைகிறார்கள் மோசடிக்காரர்கள்.

அவர்களின் முதல் தூண்டில், 'கோடு ஜெனரேட்டர்'. பொத்தானை அழுத்தினால் புதுப் புதுக் கோடாகக் கொட்டும் என்பார்கள். இது நடக்கவே முடியாத காரியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 26 எழுத்து, 10 எண், ஆக 36 வடிவங்களைக் கொண்டு 12 இடத்தை நிரப்பினால் கிடைக்கும் வகைகள், 47-க்குப் பின்னால் 17 சைபர் போட்ட அளவு. அதில் 10 லட்சம் கோடுகள் நிஜமாகவே வெளியாகியிருப்பதாக வைத்துக்கொண்டாலும், குருட்டாம்போக்கில் ஒன்று பொருந்த வாய்ப்பு சுமார் 4.7 லட்சம் கோடியில் ஒரு பங்கு. சர்வரின் பட்டியலில் இல்லாத குறியீடு எத்தனை அழகாக இருந்தாலும் அது வெறும் கிறுக்கல்தான். 'இலவச ரோபக்ஸ் ஜெனரேட்டர் என்று எதுவும் கிடையாது' என்பதை ரோப்ளாக்ஸ் நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் அந்தத் தளங்கள் எதற்காக? ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு.

'நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்க வேண்டும்' என்று சொல்லி, சர்வே நிரப்பச் சொல்வார்கள். பெயர், வயது, செல் நம்பர் எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். ஒவ்வொரு சர்வேக்கும் அவர்களுக்குக் காசு, பிள்ளைக்குப் பூஜ்யம்.

கேமின் முகப்பைப் போலவே ஒரு பக்கம் செய்து, யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்பார்கள். கொடுத்த அடுத்த நிமிடம் கணக்கு கைமாறிவிடும். மாதக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்த கார்கள் அத்தனையும் போய்விடும். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பிள்ளைக்கு அது, வீட்டில் வளர்த்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போனதற்குச் சமம்.

மூன்றாவதுதான் குடும்பத்தையே தாக்குவது. 'பிளே ஸ்டோரில் கிடைக்காத ஸ்பெஷல் பதிப்பு, அன்லிமிடெட் மணி' என்று ஒரு ஏபிகே ஃபைலை இறக்கச் சொல்வார்கள். நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கேம் ஆசையில் பிள்ளை 'அலோ' என்று தட்டிவிடும். அதன் பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி அம்மாவுக்கு மட்டும் வராது, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் போகும். இன்னும் சிலர், 'பரிசை உங்கள் கணக்கில் போட ஒரு ரூபாய் அனுப்புங்கள்', 'யுபிஐ பின் போடுங்கள்' என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. இந்த ஒரு வரியைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

ஜவ்வாது மலை போன்ற இடத்தில் இதன் கனம் இன்னும் கூடுதல். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய், நூறு நாள் வேலைக் கூலி, வெளியூர் போனவர் அனுப்பும் பணம், சுய உதவிக் குழுக் கடனின் தவணை எல்லாமே வங்கிக் கணக்கு வழியாகத்தான் வருகின்றன. நகரத்தில் 1,000 ரூபாய் போனால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலை பார்ப்பார்கள். மலையில் அது ஒரு மாத மளிகை. வங்கிக்குப் போய்க் கேட்கலாமென்றால், பல ஊர்க்காரர்களுக்கு அதற்கே ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவும் சேரும். எழுதப் படிக்கத் தடுமாறும் தாய், அந்தக் குறுஞ்செய்தியையும் அதே பிள்ளையிடம்தான் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். பயந்துபோன பிள்ளை வாயே திறக்காமல் இருந்துவிட்டால்?

'இன்னைக்கு மட்டும்தான்!' என்னும் அவசரம்

பணம் போகாவிட்டாலும் பறிபோகும் இன்னொன்று உண்டு, நேரம். 'இன்று நள்ளிரவு வரை மட்டும்', 'முதல் பத்து பேருக்கு மட்டும்' என்ற வார்த்தைகள் சும்மா எழுதப்பட்டவை அல்ல. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் மனம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதைக் காட்டினார். கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி விழுந்தால், தீனி நின்றதும் புறா சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது விழும் என்றால், நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். கோடு தேடும் விரலும் அப்படித்தான் ஆகிறது.

உலக சுகாதார நிறுவனம், 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆனால், போனில் அரை மணி நேரம் கார் கேம் ஆடும் பிள்ளையெல்லாம் நோயாளி அல்ல. எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாகிவிடுவது, படிப்பும் உறவும் உடம்பும் கெடுவது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படி இருப்பதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் உதவி கேட்கலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட் கிளினிக்' 2014 முதல் இயங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் கேம்களுக்கான புதிய மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளை அது தடை செய்கிறது. அவற்றை நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கார் ரிப்பேர் செய்யும் கேமில் கேம் காசை நிஜப் பணமாக எடுக்க முடியாது என்றால், அது சூதாட்ட வகைக்குள் வராது. ஆனால், 'கோடு போட்டால் உங்கள் யுபிஐ-க்கே ரொக்கம் வரும், முதலில் இவ்வளவு கட்டுங்கள்' என்று ஒரு கேம் சொன்னால், அங்கேயே போனை மூடிவிட வேண்டும்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் முழுதாக மலை ஏறி வரும் வரை வீட்டுக் காவல் நம் பொறுப்பு.

பணம் போய்விட்டால்... முதல் ஒரு மணி நேரம்!

* உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது தேசிய சைபர் கிரைம் உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்கைத் தாண்டாமல் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இணையத்தில் புகார் தர 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்'.

* வங்கிக்கும் உடனே சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வங்கி மீதும் நம் மீதும் தவறு இல்லாமல் வெளி ஆளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், நமக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே, ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

* சந்தேகமான செயலியை இறக்கியிருந்தால், முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். புகார் செய்ய வேறு போனைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்க வேண்டாம், அவைதான் ஆதாரம்.

* மோசடி இல்லை, பிள்ளை தெரியாமல் பிளே ஸ்டோர் வழியாகவே கேமில் ஏதோ வாங்கிவிட்டது என்றால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

* முக்கியமானது, பிள்ளையை அடிக்காதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை அது ஒரு நாள் கழித்துத்தான் சொல்லும். அந்த ஒரு நாளில் எல்லாம் முடிந்திருக்கும். 'தப்பு நடந்தா உடனே சொல்லு, திட்ட மாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது எந்தப் பூட்டைவிடவும் பெரிய பூட்டு.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

* பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

* யுபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். மளிகைக் கடைக்கு அனுப்பும்போது சில்லறையாகவே கொடுத்தனுப்புங்கள்.

* முடிந்தால், பெரிய தொகை இருக்கும் கணக்கை யுபிஐ-யோடு இணைக்காமல், செலவுக்கென்று சிறு தொகை வைக்கும் கணக்கை மட்டும் இணையுங்கள்.

* யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத மாதக் கட்டணம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் ரத்து செய்யுங்கள்.

* கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' செயலி இலவசம். பிள்ளைக்குத் தனி போனோ தனிக் கணக்கோ இருந்தால், எந்தச் செயலி இறங்கலாம், எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பதை அதில் தீர்மானிக்கலாம்.

* கோடு போடுவதற்கு மூன்று கேள்வி: கேமுக்குள்ளேயோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயோதான் போடுகிறோமா? பாஸ்வேர்டு, ஓடிபி, பின் எதையாவது கேட்கிறதா? புதிதாக எதையாவது இறக்கச் சொல்கிறதா? முதல் கேள்விக்கு 'ஆமாம்', மற்ற இரண்டுக்கும் 'இல்லை' என்றால் மட்டும் தட்டலாம்.

இந்தக் கடைசிக் குறிப்பு, மலையிலிருக்கும் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளின் கரும்பலகையில் ஒரு நாள் எழுதப்பட்டால் போதும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கே காவலாளி ஆகிவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை வளர்கிற வீடுகளில், வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லும் பிள்ளைதான் அந்த வீட்டின் கணக்குப் பிள்ளையும்கூட. அதைச் சந்தேகப்படுவதைவிட அதற்குச் சொல்லிக்கொடுப்பதே புத்திசாலித்தனம்.

திரைக்கு வெளியே ஒரு பட்டறை

துருப்பிடித்த காரை ஓட வைக்கும் ஆசையில் தவறே இல்லை. பிரேக் பேடுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் வித்தியாசம் தெரிந்த பத்து வயதுப் பிள்ளை, கேமிலிருந்து ஏதோ ஒன்றைக் கற்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த ஆசைக்குத் திரைக்கு வெளியேயும் இடம் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பாகங்களைக் கழற்றி விற்று ஒரு பேட்டையே பிழைக்கிறது. கோவை அவிநாசி சாலையில், ஜி.டி.நாயுடு குடும்பத்தினரின் ஜிடி கார் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துக் கார்கள் பளபளவென்று வரிசையில் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கிற யாருக்கும் புரியும், துருவை நீக்க எந்தக் கோடும் உதவாது, உப்புத்தாளும் பொறுமையும்தான் வேண்டும்.

ஜமுனாமரத்தூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. ஐடிஐ-களில் 'மோட்டார் வாகன மெக்கானிக்' என்பது பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டுப் படிப்பு. எந்த ஊர் ஐடிஐ-யில் எந்தப் பிரிவுக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதை ஆசிரியரிடம் விசாரித்துக்கொள்ளலாம். தமிழக அரசு ஐடிஐ மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பிலிருந்து படித்துவிட்டுச் சேர்கிறவர்களுக்கு 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வேறு.

கேமில் வரும் பத்து லட்சம் காயினுக்கு ஒரு கிலோ சாமை கிடைக்காது. ஆனால், மலைப்பாதை ஏற்றத்தில் நின்றுபோன ஒரு ஜீப்பின் பானட்டைத் திறந்து, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஜவ்வாது மலையில் என்றைக்கும் வேலை இருக்கும்.